போன் திருடு போனால்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

போன் தொலைந்தால் என்ன செய்வது என்று தேடினால் மூன்று வரியில் பதில் கிடைக்கும்: சிம்மை பிளாக் செய்யுங்கள், போலீஸில் புகார் கொடுங்கள், அரசுத் தளத்தில் பதியுங்கள். மூன்றும் சரிதான். ஆனால் எந்த வரிசையில், எந்தக் காகிதத்தோடு, எவ்வளவு நேரத்துக்குள் என்று யாரும் சொல்வதில்லை. வரிசை தவறினால் ஒரு வேலை அடுத்த வேலையை அடைத்துக்கொண்டு நிற்கும். பேருந்து நெரிசலில் போனைப் பறிகொடுத்துவிட்டு கடை, வங்கி, காவல் நிலையம் என்று அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. காவல் நிலைய விவரங்கள் சிலவற்றைத் தவிர மற்றவை இந்தியா முழுவதற்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். வங்கி, ஜிமெயில், வாட்ஸ்அப், ஆதார் என எல்லாமே உங்களை அடையாளம் காண்பது உங்கள் செல் நம்பரை வைத்துத்தான். ஒரு ஓடிபி அனுப்பிவிட்டால் ஆளை வைத்துச் சரிபார்க்கும் செலவு மிச்சம் என்பதால் நிறுவனங்களுக்கு இது வசதி. போன் போன அன்று அதே ஏற்பாடு உங்களை வெளியே நிறுத்திவிட்டு, போனை வைத்திருப்பவனை உள்ளே விடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நம்பரைத் திரும்ப உங்கள் கைக்குக் கொண்டுவருவதற்கானவை.

1. முதல் பத்து நிமிடம்: தூரத்திலிருந்து பூட்டுங்கள்

சிம்மை நிறுத்துவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சிம் நின்றுவிட்டால் போனுக்கு இணையம் போய்விடும், நீங்கள் அனுப்பும் கட்டளை அதைச் சென்று சேராது.

கூட இருப்பவரின் போனை வாங்கி, பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் லாக் அவுட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் ஃபைண்ட் ஹப், ஐபோன் என்றால் ஐகிளவுட் தளத்தில் உள்ள ஃபைண்ட் பகுதி. இரண்டிலும் ‘தொலைந்தது’ என்று குறித்துப் பூட்டலாம்.

ஆண்ட்ராய்டுக்காரர்கள் பலர் இங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். கூகுள் கணக்கில் இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தால், உள்ளே நுழைய ‘உங்கள் போனில் வந்திருக்கும் அறிவிப்பில் ஆம் என்று அழுத்துங்கள்’ என்று கேட்கும். அந்தப் போன்தானே தொலைந்தது! முன்பே எடுத்து வைத்த பேக்கப் கோடு (போன் இல்லாமலே உள்ளே நுழைய கூகுள் தரும் எண்) இருந்தால் தப்பிக்கலாம், அல்லது ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் வீட்டு லேப்டாப் இருந்தால் போதும். இன்னொரு வழியும் உண்டு. போனில் ரிமோட் லாக் வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால், கூகுளின் லாக் பக்கத்தில் நம்பரை மட்டும் கொடுத்துப் பூட்டலாம், பாஸ்வேர்டு வேண்டாம். ஐபோனிலும் லாகின் செய்ய ஆறு இலக்கக் கோடு கேட்கும், ஆனால் ஐகிளவுட்டில் போனைத் தேடும் பகுதிக்கு மட்டும் அது இல்லாமலே போக முடியும்.

‘அழித்துவிடு’ என்ற கட்டளையை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் அழித்த பிறகு போன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் ஸ்கிரீன் லாக் போடாத போன் என்றால் யோசிக்காமல் அழித்துவிடுங்கள். மேப்பில் இடம் காட்டுகிறதே என்று நீங்களே கிளம்பிப் போகாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

ஐபோன்காரர்களுக்குத் தனியாக ஒன்று: அந்தப் போனை உங்கள் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். நீக்கினால் ஆக்டிவேஷன் லாக் (உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் வேறு யாரும் போனைப் பயன்படுத்த முடியாதபடி தடுக்கும் பூட்டு) போய்விடும், திருடியவன் நிம்மதியாக விற்றுவிடுவான். சில நாள் கழித்து ‘உங்கள் ஐபோன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் லாகின் செய்யுங்கள்’ என்று மெசேஜ் வந்தால், அது பாஸ்வேர்டைப் பறிக்க வந்த வலை.

2. சிம்மை நிறுத்துங்கள்

ஸ்கிரீன் லாக் போனைத்தான் காக்கும், சிம்மைக் காக்காது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே வரும். அதனால் பூட்டும் வேலை பத்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் அதை விட்டுவிட்டு இதற்கு வந்துவிடுங்கள்.

அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் ஒருவரின் போனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிடுவது எளிது. 198 என்ற புகார் எண் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. பிறந்த தேதி, கடைசியாக எவ்வளவுக்கு ரீசார்ஜ் செய்தீர்கள், மாற்று நம்பர் என்ன என்று கேட்பார்கள். இரண்டு சிம் என்றால் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வங்கியோடு வழக்காட வேண்டி வந்தால் அந்த நேரம்தான் ஆதாரம்.

3. வங்கியும் யுபிஐயும்

‘யுபிஐ பின் எனக்கு மட்டும்தானே தெரியும்’ என்று தைரியமாக இருக்காதீர்கள். டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் ஓடிபியும் இருந்தால் பின்னை மாற்றிவிடலாம். போன் கவருக்குள்ளேயே கார்டைச் செருகி வைக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு! அப்படி வைத்திருந்தால் முதலில் கார்டை நிறுத்துங்கள்.

வங்கியைக் கூப்பிட்டு டெபிட் கார்டு, யுபிஐ, மொபைல் பேங்கிங் மூன்றையும் பெயர் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். ‘அக்கவுண்டைப் பாதுகாப்பாக வையுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் கார்டை மட்டும் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. கணக்கு எந்த வங்கி என்று இங்கே எழுதிப் பயனில்லை, இது எங்கேயும் நடக்கும்.

கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி, மேலே வருவதை அழுத்தாதீர்கள். போலி நம்பர்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. பாஸ்புக், வங்கியின் சொந்தத் தளம், வீட்டில் இன்னொருவரின் கார்டுக்குப் பின்பக்கம் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து எடுங்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றத்தில் போன பணத்தை வழியிலேயே நிறுத்துவதற்கான எண் இது, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதியின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் எடுத்த பணத்தை, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழும். உங்கள் கவனக்குறைவு என்று வங்கி சொன்னாலும், அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். நீங்கள் தெரிவித்த பிறகு போகும் பணம் முழுக்க வங்கியின் பொறுப்பு. 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

4. காவல் நிலையம்

எடுத்துப் போக வேண்டியவை: கையெழுத்திட்ட புகார் மனு இரண்டு பிரதி, அடையாள அட்டை ஜெராக்ஸ், போன் வாங்கிய பில், ஐ.எம்.இ.ஐ. எண். மனுவில் எந்த இடம், எத்தனை மணி, போனின் மாடல், நிறம், அதில் இருந்த நம்பர்கள் எல்லாம் இருக்கட்டும்.

ஐ.எம்.இ.ஐ. எண் என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், 15 இலக்கம். போன் வந்த பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டாயிற்றா? ஃபைண்ட் ஹப்பில் போனின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘ஐ’ குறியை அழுத்தினால் தெரியும். ஆப்பிள் கணக்கின் கருவிகள் பட்டியலிலும் இருக்கும். இணையத்தில் வாங்கிய போன் என்றால் ஆர்டர் பக்கத்தில் பில்லைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள் உண்டு, இரண்டையும் எழுதுங்கள்.

‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவைச் சொல்லலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது அது. எஃப்.ஐ.ஆர். பிரதியும் இலவசமாகத் தர வேண்டும். ஆனால் ரைட்டரிடம் சட்டம் பேசுவதைவிட, சம்பவம் நடந்த எல்லைக்குரிய நிலையத்துக்கே போய்விடுவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். ரயிலில் போயிருந்தால் 139-க்கு அழைத்து ரயில்வே காவல் துறையிடம் பதியுங்கள்.

எதை வாங்கி வருவது? போனை பிளாக் செய்ய சி.எஸ்.ஆர். ரசீதே (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தருவது) போதும். இன்ஷூரன்ஸ் கேட்கப் போகிறீர்கள் என்றால் எஃப்.ஐ.ஆர். கேட்பார்கள். பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தால் மனுவில் ‘காணவில்லை’ என்று எழுதாதீர்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை: போனோடு சேர்த்து விற்கப்படும் பல திட்டங்கள் ஸ்கிரீன் உடைந்தால் மட்டும்தான் பணம் தரும், திருட்டு அதில் இருக்காது. ஆவணத்தைப் படித்துவிட்டு அலையுங்கள்.

போனோடு ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. போன்றவையும் போயிருந்தால் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் ‘தொலைந்த ஆவண அறிக்கை’ எடுத்துக்கொள்ளலாம், நிலையத்துக்குப் போக வேண்டாம்.

5. டூப்ளிகேட் சிம்: இங்கேதான் ஒரு நாள் போகும்

அன்றைக்கே போங்கள். தெருமுனைக் கடைக்குப் போகாமல் நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். பெரிய செலவு இல்லை, ரசீது கேட்டு வாங்குங்கள். ‘இந்த பிளானுக்கு மாறினால் சிம் ஃப்ரீ’ என்று ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வர வேண்டும். நம் வீடுகளில் பாதிப் பேரின் சிம் அப்பா பெயரிலோ, அண்ணன் பெயரிலோ, எப்போதோ வாங்கித் தந்த நண்பர் பெயரிலோ இருக்கும். அவர் வெளியூரில் இருந்தால் வேலை நின்றுவிடும்.

ஆதார் கைரேகையை லாக் செய்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். கடையில் விரல் வைத்தால் ஏற்காது. திறக்கலாம் என்றால் அதற்கான ஓடிபி தொலைந்த நம்பருக்குத்தான் போகும். அப்போது ‘டிஜிட்டல் கே.ஒய்.சி.’ முறையில் செய்யச் சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை போன்ற அசல் ஆவணத்தையும் உங்கள் முகத்தையும் கடையிலேயே படம் பிடித்து முடிப்பார்கள். அசல் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஆதார் தவிர இன்னொரு அசல் அட்டையை எடுத்து வையுங்கள்.

புதிய சிம் வேலை செய்ய ஆரம்பித்ததும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது. சிம் பழுது என்று நினைத்து ஷோரூமுக்கு மறுபடி ஓடாதீர்கள். வேறொருவன் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி உடனே ஓடிபி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடை இது. நல்ல விதிதான், ஆனால் கடையில் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். அந்த ஒரு நாளுக்கு வங்கி ஓடிபி இல்லை. யுபிஐ பதிவும் நடக்காது, ஏனென்றால் அதற்கு உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ திரும்ப வந்த பிறகும் புதுப் போனில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு, வாடகை கட்டும் வாரம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோபத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றாலும் முடியாது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் போர்ட் செய்ய விடமாட்டார்கள்.

6. எஸ்.எம்.எஸ். இல்லாத நாளில் செய்யக்கூடியவை

அழைப்புகள் வரும் அல்லவா? அதைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் பதியும்போது எஸ்.எம்.எஸ்.-க்குப் பதில் ‘என்னைக் கூப்பிடு’ என்று தேர்ந்தெடுத்தால் குரலில் கோடு சொல்லும். இது முக்கியம், ஏனென்றால் சிம் நின்றாலும் திருடியவன் கையில் உள்ள போனில் வைஃபை இருந்தால் உங்கள் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் புதுப் போனில் பதிந்தால்தான் அங்கே அறுபடும். ஆறு இலக்கப் பின் போட்டு மறந்துவிட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

டெலிகிராம் கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது. லாகின் கோடு எஸ்.எம்.எஸ்.-ல் வராமல் தொலைந்த போனில் உள்ள டெலிகிராமுக்கே போகலாம். புதிதாக லாகின் செய்த கருவியிலிருந்து பழைய கருவிகளை முதல் 24 மணி நேரத்துக்கு வெளியேற்றவும் முடியாது. லேப்டாப்பில் ஏற்கெனவே திறந்திருந்தால் அங்கிருந்து வெளியேற்றுங்கள்.

கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், கருவிகள் பட்டியலில் பழைய போனை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆனால் போன் இருக்கும் இடத்தை இன்னும் தேடிக்கொண்டிருந்தால் அது முடிந்த பிறகு செய்யுங்கள். மீட்பு நம்பரை மாற்றினால், பழைய நம்பருக்கும் ஏழு நாள் வரை கோடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் விட்டு வைக்கும். அதனால் மாற்றிவிட்டோம் என்று அன்றே நிம்மதி அடைய வேண்டாம்.

7. போனையே பிளாக் செய்தல்: சி.இ.ஐ.ஆர்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள பகுதி இது. 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்தது. ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து எந்த நிறுவனத்தின் சிம் போட்டாலும் போன் வேலை செய்யாதபடி ஆக்கிவிடும். முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

இதை ஏன் ஏழாவதாக வைத்தேன்? ஓடிபி வர வேண்டும் என்பதால் டூப்ளிகேட் சிம் தேவை, அந்தச் சிம்மில் எஸ்.எம்.எஸ். வர 24 மணி நேரம் ஆக வேண்டும், காவல் நிலைய ரசீதும் வேண்டும். முதல் நாளே தளத்தைத் திறந்து உட்கார்ந்தால் பாதியில் நிற்பீர்கள்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினால் படிவம் வரும். நம்பர்கள், இரண்டு ஐ.எம்.இ.ஐ., பிராண்ட், மாடல், தொலைந்த இடம், தேதி, மாவட்டம், காவல் நிலையம், புகார் எண், பிறகு உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம். புகார் ரசீதையும் அடையாள அட்டையையும் பதிவேற்ற வேண்டும். பில் இருந்தால் அதையும் போடுங்கள். கோப்பு பெரிதாக இருந்தால் ஏற்காது, படத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஐ.எம்.இ.ஐ.-ல் ஒரு இலக்கம் தவறினாலும் உங்கள் போன் பிளாக் ஆகாது, இரண்டு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவில் ஒரு கோரிக்கை எண் வரும். அதை இழந்துவிட்டால் பின்னால் போனைத் திறப்பது தொல்லை.

24 மணி நேரத்துக்குள் பிளாக் ஆகும். அதன் பிறகு யாராவது வேறு சிம் போட்டால் அந்தத் தகவல் காவல் துறைக்குப் போகும், அதனால் பிளாக் செய்வதால் தேடுவது கெடாது. ஆனால் இதன் எல்லை தெரிந்திருக்கட்டும்: மொபைல் நெட்வொர்க் மட்டும்தான் நிற்கும். வைஃபையில் போன் ஓடும், உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். முதல் படியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தால் தகவல் காக்கப்படாது.

இதற்கென்று செயலியும் உண்டு. அதைப் புதிய போன்களில் எல்லாம் கட்டாயமாகப் போட்டு விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ம் தேதி திரும்பப் பெறப்பட்டது. செயலி வேண்டாம் என்று நினைப்பவர்கள் தளத்திலேயே எல்லாவற்றையும் செய்யலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

8. அடுத்த இரண்டு மாதம் கவனிக்க வேண்டியவை

கேலரியில் ஆதார், பான் படம் வைத்திருந்தீர்களா? அப்படியென்றால் உங்கள் பெயரில் யாரும் சிம்மோ கடனோ வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சிம்முக்கு அதே சஞ்சார் சாத்தியில், உங்கள் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்க்கும் பகுதி உண்டு. தெரியாத நம்பர் இருந்தால் ‘என்னுடையது இல்லை’ என்று குறிக்கலாம். கடனுக்கு சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல், சில வார இடைவெளியில் ஒவ்வொன்றாக எடுத்தால் நீண்ட காலம் கண்காணிக்கலாம். இலவச ஸ்கோர் காட்டுகிறோம் என்று வரும் கடன் செயலிகள் வேண்டாம், அவற்றுக்கு வேண்டியது உங்கள் நம்பர்.

9. போன் கிடைத்துவிட்டால்

காவல் நிலையத்திலிருந்து கூப்பிடுவார்கள். அசல் அடையாள அட்டை, பில், சி.எஸ்.ஆர். எடுத்துப் போங்கள். வாங்கி வந்ததும் சிம் போட்டு ‘நெட்வொர்க் இல்லை’ என்று பதற வேண்டாம். போன் கிடைத்துவிட்டது என்று நிலையத்தில் பதிவான பிறகு, சி.இ.ஐ.ஆர். தளத்தில் கோரிக்கை எண்ணைக் கொடுத்து நீங்கள்தான் திறக்க வேண்டும். பயன்படுத்துவதற்கு முன் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், இடையில் யார் என்ன ஏற்றினார்களோ தெரியாது.

போன் இன்னும் கையில் இருப்பவர்களுக்கு

இன்றைக்கே அரை மணி நேரம் ஒதுக்க முடியுமானால் இவற்றைச் செய்யுங்கள். *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்களை எழுதுங்கள். கூகுள் பேக்கப் கோடுகளை அச்சிட்டு, பாஸ்புக்கோடு வையுங்கள். போனிலேயே ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துப் பயனில்லை. ஆண்ட்ராய்டில் திருட்டுப் பாதுகாப்புப் பகுதியில் ரிமோட் லாக்கை இயக்குங்கள். லாக் ஸ்கிரீனில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள், இல்லையென்றால் பூட்டிய போனிலேயே ஓடிபி தெரியும். சிம் பின் போடுங்கள். அதை இயக்க நிறுவனம் வைத்திருக்கும் ஆரம்ப எண் தேவை, ஊகித்துப் போடாதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு பி.யு.கே. எண் கேட்கும். சிம் வேறு யார் பெயரிலாவது இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இருவரும் அசல் அட்டையோடு போக வேண்டும்.